அடையாற்றுக்கு மேலே வழி தவறினால்: விமானிகளுக்குச் சில யோசனைகள்

புதுச்சேரியிலிருந்து செஸ்னா 172-இல் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்து இருக்கையில் மனைவியின் தம்பி. திடீரென்று ஜிபிஎஸ் திரை, நீங்கள் அரக்கோணத்துக்கு மேலே பறப்பதாகச் சொல்கிறது. கீழே அலை அடிக்கிறது. அரக்கோணத்தில் கடல் கிடையாது என்பது மச்சினனுக்கும் தெரியும்.

முதலில் திரையைத் தட்டுங்கள். பயன் இருக்காது, இருந்தாலும் தட்டாத விமானி இன்னும் பிறக்கவில்லை. ஒரே ஒரு தட்டு போதும், அதற்குள் விமானம் ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருக்கும். பயிற்சியில் சொல்லித்தரும் வரிசை இதுதான்: முதலில் பற, பிறகு வழி பார், அப்புறம் பேசு. மச்சினனுக்குப் பதில் சொல்வது இந்த வரிசையில் எங்கும் இல்லை.

“அத்திம்பேர், கூகுள் மேப் பாக்கட்டுமா?” என்பான். பார்க்கட்டும். வானத்தில் யாரோ போலி சிக்னல் பரப்பினால் கைபேசியும் அதே பொய்யைத்தான் கேட்கும். இது கதையல்ல. ஜிபிஎஸ் குறுக்கீடு பதிவான விமான நிலையங்களில் சென்னையும் உண்டு என்று 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே அமைச்சர் பதில் தந்தார். அந்தக் கைபேசியைக் காந்தப் பிடிப்பானில் மாட்டியிருந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வடக்கு எது என்பதைப் பிடிப்பான் தீர்மானிக்கும்.

காரணம், இனி உங்களுக்குக் கதி கண்ணாடி அருகே திரவத்தில் மிதக்கும் அந்தப் பழைய திசைகாட்டிதான். மின்சாரம் கேட்காது, அப்டேட் கேட்காது. திரும்பும்போது தடுமாறும் என்று பாடப்புத்தகம் மிரட்டும், அது லண்டன்காரர்களுக்கு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால், நம் ஊரில் முள்ளைக் கீழே இழுக்கும் விசை குறைவு, தடுமாற்றமும் குறைவு. மெட்ராஸில் பிறந்ததற்கு இப்படியும் ஒரு லாபம்.

சாய்வையும் திசையையும் காட்டும் கைரோ கருவிகள்தான் ஆபத்தானவை. பழைய செஸ்னாக்களில் அவற்றைச் சுழற்றுவது ஒரு வெற்றிட பம்ப். பம்ப் செத்தாலும் கைரோ உடனே படுக்காது. மெல்லச் சாய்ந்தபடி, நம்பும்படியாகப் பொய் சொல்லும். தி. நகரில் வழி கேட்டால், தெரியாதவர்தான் கையை நீட்டி அடித்துச் சொல்வார், அதே குணம். அந்தக் கருவியின் முகத்தை மூடிவிடுங்கள். பயிற்சியாளர்களே சொல்லும் உத்தி இது. முன்னால் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை எடுத்து இங்கே ஒட்டலாம்.

பிறகு ஜன்னல். 1932 அக்டோபரில் நெவில் வின்சென்ட் என்ற விமானி டாடாவின் விமானத் தபாலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக இங்கே கொண்டுவந்தபோது, அவரும் தரையைப் பார்த்துத்தான் வந்தார். உங்களுக்கோ கடற்கரையே கோடு போட்டுத் தருகிறது. கடல் வலது கைப்பக்கம் இருந்தால் மூக்கு வடக்கே. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை மட்டும் நன்றாக ஒதுங்கிப் போங்கள். தடை செய்யப்பட்ட வான்பகுதியில் ‘கருவி கோளாறு’ என்ற சமாதானம் எடுபடாது. முட்டுக்காடு, திருவான்மியூர், எலியட்ஸ் கடற்கரை, அடுத்து ஓர் ஆற்றின் முகத்துவாரம். உடைந்த பாலம் தெரிந்தால் அடையாறு. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று அந்த ஆறு உங்களை மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கே கூட்டிப்போகும். அங்கே ஓடுபாதை ஆற்றின் மேல் பாலமாகக் கிடக்கிறது. இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய எந்தக் கருவியும் இவ்வளவு நேராகக் கொண்டுபோய் விடாது.

சாந்தோம் தேவாலயமும் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கமும் தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள். நேப்பியர் பாலம் தெரிந்தால் ரொம்பத் தாண்டிவிட்டீர்கள். அது கூவம், அதைப் பிடித்துப் போனால் கோயம்பேட்டுப் பக்கம் காய்கறி வாங்கலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டு ஆறும் ஒரே கறுப்பு. வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆனால் கேட்காமல் ஆற்றின் மேல் திரும்பிவிடாதீர்கள். கிழக்கிலிருந்து இறங்கும் ஏர்பஸ்களும் அடையாறு, கிண்டிக்கு மேலேதான் வரும். ஆகவே ரேடியோவில் வாயைத் திறந்து “எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை” என்று சொல்லியாக வேண்டும். மனைவியின் தம்பி முன்னால் இதைச் சொல்வதற்கு எஞ்சின் நின்றுபோவதே தேவலாம் என்று தோன்றும். ‘ஸ்டாண்ட்பை’ என்று இழுத்தடிக்க நினைப்பீர்கள். வேண்டாம், ஊகித்து இறங்கினால் இடம் மாறிப்போகும். 1972-இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஒன்று பம்பாயின் சாந்தாகுரூஸ் விமான நிலையம் என்று நினைத்து, பக்கத்திலிருந்த சின்ன ஜூஹு விமான நிலையத்தில் இறங்கி, ஓடுபாதை போதாமல் வெளியே ஓடியது. நமக்கு மீனம்பாக்கத்தின் பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே அழைப்பில்லாமல் இறங்கினால் காபி கிடைக்கலாம். விமானம் உடனே திரும்பக் கிடைக்காது. பேசாமல் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700 போட்டு, உண்மையைச் சொல்லிவிடுங்கள். ராடார்காரர் உங்களைத் திரையில் பார்த்துத் திசை சொல்வார். கேலி செய்ய மாட்டார், அவருக்கு நேரமில்லை.

இறங்கியதும் விமானத்தின் பதிவேட்டில் நடந்ததை விவரமாக எழுதுங்கள். எந்த இடத்தில், எத்தனை அடி உயரத்தில், எத்தனை நிமிடம் என்று ஒரு பக்கம் நிறைய எழுதுங்கள். மறுநாள் அதன் கீழே பொறியாளர் ஒரே வரியில் எழுதியிருப்பார்: “தரையில் சோதித்தேன். சரியாக வேலை செய்கிறது.”