பிள்ளையின் நீட் தேர்வுக்கு நீங்கள் தயாராவது எப்படி?

பிள்ளை தயாராவதற்குக் கடை கடையாகப் புத்தகம் கிடைக்கிறது. அப்பா அம்மா தயாராவதற்கு ஒன்றும் கிடையாது. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் குறிப்புகள்.

முதல் பிறந்தநாளுக்குப் பொம்மை ஸ்டெதாஸ்கோப் மாட்டிப் படம் எடுத்திருப்பீர்கள். பிள்ளை அதை வாயில் வைத்துக் கடித்ததா? போதும், மருத்துவத்தில் ஆர்வம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்துவிடுங்கள். பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை, பள்ளி வேன் டிரைவரிடம் நேரத்தைக் கேட்டால் போதும்.

அடுத்தது கணக்கு. இதில் அலட்சியம் கூடாது. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று 180 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 கழிவு, விட்டுவிட்டால் பூஜ்யம். மொத்தம் 720. ஒரு கேள்வியை விட்டால் 716, ஒன்றைத் தப்பாகப் போட்டால் 715. ஆக 719 என்ற மதிப்பெண் பிறக்கவே வழியில்லை. 2024இல் கருணை மதிப்பெண் தயவால் அதுவும் பிறந்தது. பிறகு அந்தக் கருணையை ரத்து செய்து 1,563 பேருக்கு மறுதேர்வு என்றார்கள். எனவே பக்கத்து வீட்டுக்காரர், "எங்க பையன் மாக் டெஸ்ட்ல 719 சார்" என்றால் புன்னகையோடு காபி கொடுத்து அனுப்புங்கள். இன்னொன்று: நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக்கொண்டே போனால் சராசரியாக 45 மதிப்பெண் தேறும். மகள் 480 வாங்கிவரும் நாளில் திட்ட வாயெடுக்குமுன், நம் சொந்தத் தகுதி அந்த 45தான் என்பது நினைவுக்கு வரட்டும்.

"எங்க காலத்துல..." என்று ஆரம்பிப்பவர்கள் எந்தக் காலம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. பிறகு 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். 2017இலிருந்துதான் நீட். நீங்கள் பி.காம். படித்தவர் என்றால் இந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்தாது.

உறவினர் மேலாண்மை தனிப் பாடம். "ரிப்பீட்டரா?" என்று கேட்கும் பெரியம்மாவுக்குப் பதில் யோசித்து வையுங்கள். ஒரு வருடம் வீட்டிலிருந்து படிப்பது ஏதோ ஜாமீனில் வந்திருப்பது போலப் பேசுவார்கள்.

தேர்வு நாளில் உங்கள் வேலை வெயிலில் நிற்பது. 2025இல் தேர்வும் அக்னி நட்சத்திரமும் ஒரே நாளில், மே 4 அன்று தொடங்கின. ஒன்றரை மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். முழுக்கைச் சட்டை, ஷூ, நகை எதுவும் ஆகாது. பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்த பேனாவும் வேண்டாம், பேனாவை அவர்களே தருகிறார்கள். கடைசி நிமிடத்தில் மகளின் கம்மலைக் கழற்றும் பதற்றத்தில் அதைத் தொலைக்காமல் இருப்பதே அன்று நீங்கள் எழுதும் தேர்வு.

ஐந்து மணிக்கு வெளியே வருபவளிடம் "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள். சாப்பிடக் கூட்டிப் போங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் ஒரு டாக்டர் இருந்தே தீர வேண்டும் என்று தோன்றினால், அதற்கும் வழி உண்டு. நீட் எழுத உச்ச வயது வரம்பு இல்லை, எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவராக இருந்தால் அடுத்த விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள்.