பத்துக்கு ஏழு: ஓர் எண்ணின் பொருளும் போக்கும்

புதிதாக வெளிவரும் வீடியோ கேம்களுக்கு மதிப்புரை எழுதுவோர் ஒன்று முதல் பத்து வரை ஏதேனும் ஓர் எண்ணைக் கடைசியில் இட்டு முடிப்பது மரபு. இவ்வெண்களுள் ஏழு குறித்துத் தமிழில் முறையான ஆய்வு தேவை என்பது என் கருத்து. தேவையே இல்லை என்பது என் அக்காவின் கருத்து. இத்தகைய எதிர்ப்புகள் ஆய்வுலகில் இயல்பானவை என்பதால் மேலே செல்கிறேன்.

ஆய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தவன் அக்கா மகன். பிளஸ் ஒன் படிக்கிறான். பிறந்தநாளுக்கு ஒரு கேம் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று மாதமாக அதன் டிரெய்லரைப் பார்த்துப் பார்த்து வசனமெல்லாம் மனப்பாடமாகியிருந்த பையன், வெளியான அன்று மாலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"வேணாம் மாமா. ஏழுதான் போட்டிருக்காங்க."

"ஏழுன்னா எழுபது பர்சென்ட்டுடா. நான் எழுபது வாங்கினப்ப உங்க தாத்தா தெருவுக்கே லட்டு குடுத்தாரு."

"அது பரீட்சை மாமா. கேம்ல ஏழுன்னா மொக்கைன்னு அர்த்தம்."

எழுபது விழுக்காடு எப்படி மொக்கை ஆகும்? இவ்வினாவே இக்கட்டுரையின் கருதுகோள்.

முதலில் சொற்பொருள். கணிதத்தில் ஏழு என்பது ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்டது. கேம் மதிப்புரையில் அதன் இடம் வேறு. பத்து என்றால் 'பேரன்களிடம் சொல்வேன்'. ஒன்பது, 'வாங்கு'. எட்டு, 'விலை குறைந்ததும் வாங்கு'. ஏழு என்றால் எழுதியவருக்கு அந்த கேமைச் செய்தவர்கள் யார் மீதும் தனிப்பட்ட கோபம் இல்லை என்று பொருள். ஆறுக்குக் கீழே மக்கள் வசிப்பதில்லை. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்கள் கல்யாண மண்டபத்தின் பின்வரிசை நாற்காலிகளைப் போல, கணக்குக்காகப் போட்டு வைக்கப்பட்டவை.

இதை என் மருமகனின் மனக்கோணல் என்று தள்ளிவிட முடியாது. பல மதிப்புரைகளைத் திரட்டி நூற்றுக்கு இத்தனை என்று சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் தளம் 2001 முதல் இயங்குகிறது. அங்கே திரைப்படம் 61 பெற்றாலே பச்சை நிறம். கேம் பச்சையாக 75 வேண்டும். 70 பெற்ற படம் பச்சை, அதே 70 பெற்ற கேம் மஞ்சள்! ஒரே வீட்டில் இரண்டு விதப் படியால் அரிசி அளப்பது போன்ற இந்த ஏற்பாட்டை அத்தளம் ஒளித்தும் வைக்கவில்லை. ஆனால் எந்த விமர்சகரின் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை. ரகசியத்தையும் வெளிப்படையையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

காரணம் என்ன? அமெரிக்கப் பள்ளிகளில் பொதுவாக 60க்குக் கீழே போனால் தோல்வி. 70 என்பது சுமாரான பையன். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் மதிப்பெண் போட உட்கார்ந்தால் கை தானாக ஏழில் போய் நிற்கிறது. 35 எடுத்தால் பாஸ் என்று வாழ்ந்த எனக்கு இது பிடிபடாததில் வியப்பில்லை. மேலும் நான் ஆனந்த விகடன் விமர்சனம் படித்து வளர்ந்தவன். நூற்றுக்கு 42 என்றால் குடும்பத்தோடு போகலாம் என்று எங்கள் வீட்டில் பொருள் கொள்வோம். 1977இல் '16 வயதினிலே' பெற்ற 62.5 இன்றும் பேசப்படுகிறது. (அந்த அரை மதிப்பெண் எதற்குக் கொடுத்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்பது தனி ஆய்வுக்கு உரியது.) அதே 62.5ஐ ஒரு கேம் பெற்றால் மூன்றே மாதத்தில் பாதி விலைக்கு வந்துவிடும்.

இனி வரலாறு. ஜப்பானில் 1986இல் தொடங்கிய ஃபாமிட்சு இதழில் ஒவ்வொரு கேமுக்கும் நான்கு நடுவர்கள். ஆளுக்குப் பத்து, ஆக நாற்பது. முழு நாற்பது முதன்முதலாக விழுந்தது 1998இல், 'செல்டா: ஆகரினா ஆஃப் டைம்' என்ற கேமுக்கு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பூத்த குறிஞ்சி அது. அடுத்த ஆண்டே இன்னொரு நாற்பது, அதற்கடுத்த ஆண்டு மற்றொன்று. குறிஞ்சி தினமும் பூத்தால் அதற்குக் கனகாம்பரம் என்று பெயர். பிரிட்டனில் 1991 முதல் 1996 வரை வெளிவந்த அமிகா பவர் இதழ் மட்டும், சராசரியான கேமுக்குச் சராசரி மதிப்பெண்தான் என்று 50ஐ நடுவில் நிறுத்திப் பார்த்தது. கேம் நிறுவனங்களுக்கு அது பிடிக்கவில்லை. இதழும் இப்போது இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை.

ஏழின் வரலாற்றில் மூலபாடம் என்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. 1993 டிசம்பரில் கணினிக்கு வெளியானது டூம். நரகத்திலிருந்து வந்த அரக்கர்களைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே ஓட வேண்டும், கதை அவ்வளவுதான். உலகமே வேலையை விட்டுவிட்டு அதை ஆடிய காலத்தில், 1994 ஏப்ரலில், பிரிட்டனின் எட்ஜ் இதழ் அதற்கு இட்ட மதிப்பெண் ஏழு. அந்த இதழின் வரிசை எண்ணும் ஏழு. ஆய்வாளனுக்கு இப்படிப்பட்ட கொடை வாழ்க்கையில் ஒருமுறைதான் கிட்டும்.

விமர்சகர் கண்ட குறை என்ன? அந்த அரக்கர்களோடு பேச முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், நட்புக் கொள்ளலாமே, கூட்டணி அமைக்கலாமே என்று ஏங்கியிருந்தார். இவ்விடத்தில் உரையாசிரியர்கள் இரு அணியாகப் பிரிவர். சிரிப்பணியினர், அரக்கனிடம் போய்ப் பேசுவதாவது என்று முப்பது ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டாம் அணி. அங்கதன் தூது போன நாட்டுக்காரர்கள் நாம்; அரக்கர்களிடம் முதலில் பேசிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. 2015இல் 'அண்டர்டேல்' என்றொரு சிறிய கேம் வந்தது. அதில் எதிர்ப்படும் பூதங்களோடு பேசலாம், கொஞ்சலாம், ஒன்றைக்கூடக் கொல்லாமல் இறுதிவரை செல்லலாம். உலகம் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஒரு விமர்சகரின் குறை தீர 21 ஆண்டுகள் ஆயின. அரசு அலுவலகத்தில் கொடுத்த மனுக்களோடு ஒப்பிட்டால் இது விரைவுதான்.

முழு எண்களோடு நின்றிருந்தால் இவ்வாய்வு இத்துடன் முடிந்திருக்கும். தசம இலக்கணம் குறுக்கிடுகிறது. 2006இல் கேம்ஸ்பாட் தளம் வேறொரு செல்டா கேமுக்கு 8.8 இட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். 97 வாங்கி வந்த பிள்ளையிடம் 'மீதி மூணு எங்கே' என்று கேட்கும் தகப்பனின் குரலில், காணாமல் போன அந்தக் கொஞ்சத்துக்காகச் சண்டையிட்டார்கள். 2014இல் போக்கிமான் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் கேம்களுக்கு ஐஜிஎன் தளம் 7.8 இட்டு, குறைகளின் பட்டியலில் தண்ணீர் அதிகம் என்று குறித்தது. அக்கதை நடக்கும் ஹோயன் என்ற நாட்டில் கடல் ஏராளம். நீந்தியே பல ஊர் போக வேண்டும். விமர்சகருக்கு நெய்தல் திணை பயிற்றுவிக்கப்படவில்லை என்பது என் துணிபு. முல்லையை எதிர்பார்த்துப் போனவரைக் கடற்கரையில் இறக்கிவிட்டால் இரண்டு மதிப்பெண் குறையத்தான் செய்யும்.

தசமத்தைக் கண்டு சிரிப்பவர்கள் அடுத்த சான்றைக் கேட்டபின் சிரிக்கட்டும். 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' 2010இல் வந்தது. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பது அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கும் வெளியீட்டாளருக்கும் இருந்த ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. யாரோ ஒரு விமர்சகர் காலையில் நல்ல காப்பி குடித்திருந்தால் கிடைத்திருக்கும். ஒரு மார்க்கில் கட் ஆஃப் போன வீட்டின் அமைதியை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பாடபேதச் சிக்கல் இன்னும் பெரிது. ஒரே கேம் டிவியோடு இணைக்கும் கன்சோலுக்கு ஒன்று, கையடக்கக் கருவிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என மூன்று ஏடுகளாக வருகிறது. உ.வே.சா.வாக இருந்தால் மூன்றையும் பக்கத்தில் பரப்பி வைத்து வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே வாய் திறப்பார். கேம் விமர்சகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் ஏடும் ஒரு கெடுவும். சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர் 10 அன்று. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குத் தரப்பட்டது கணினி ஏடு மட்டும். தாங்கள் ஆடிய காட்சியைக்கூடக் காட்டக் கூடாது, நிறுவனம் தந்த காட்சிகளையே காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஒன்பதும் பத்துமாகப் பொழிந்தன. பழைய பிளேஸ்டேஷன் 4இல் போட்டுப் பார்த்தவர்களுக்கோ மனிதர்கள் கைகளை விரித்தபடி மரம்போல் நின்றார்கள். ஆட்டமே அடிக்கடி நின்றுபோனது. சில நாளில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்பி வர அடுத்த ஜூன் ஆயிற்று. மதிப்பெண் பொய்யில்லை. வேறொரு பிள்ளையின் விடைத்தாளுக்குப் போட்டது, அவ்வளவே.

கையடக்கக் கருவிகள் பற்றி எனக்கு ஒரே குறைதான்: எழுத்து எறும்பளவு. மதிப்புரைகளில் இதற்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தைக் காணோம். விமர்சகர்கள் நாற்பதைத் தாண்டாதவர்கள் போலும். ஆயினும் 2021இல் வந்த ஸ்விட்ச் ஓலெட், 2022இல் வந்த ஸ்டீம் டெக் இரண்டின் திரையும் சரியாக 7 அங்குலம் என்பதைக் கருதுகோளுக்கு வலுச் சேர்க்கும் சான்றாகப் பதிவு செய்கிறேன்.

அப்படியானால் கீழ் எண்கள் வீண்தானா? இல்லை. 2003இல் 'பிக் ரிக்ஸ்' என்ற லாரிப் பந்தயம் கணினிக்கு வந்தது. எதிராளியின் லாரி புறப்பட்ட கோட்டைவிட்டு அசையாது. நம் லாரியோ கட்டடத்தின் ஊடே புகுந்து போகும், மலைமீது செங்குத்தாக ஏறும். ரிவர்ஸ் எடுத்தால் வேகத்துக்கு வரம்பே கிடையாது. முடிவில் கோப்பை காட்டி வாழ்த்தும் ஒற்றை வாக்கியத்திலும் இலக்கணப் பிழை. கேம்ஸ்பாட் அதற்கு 1.0 இட்டது. புள்ளிக்குப் பின்னுள்ள அந்தப் பூஜ்யத்தைக் கவனிக்க வேண்டும்: 1.1 ஆக இருக்குமோ என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாதாம்.

எண்ணே வேண்டாம் என்று துறவு பூண்டவர்களும் உண்டு. பிரிட்டனின் யூரோகேமர் தளம் 2015இல் மதிப்பெண்ணைக் கைவிட்டுச் சொற்களால் மட்டும் தரம் சொல்லத் தொடங்கியது. எட்டு ஆண்டு காட்டில் இருந்துவிட்டு 2023இல் நட்சத்திரங்களோடு ஊர் திரும்பியது. கட்டுரையைப் படிக்காமல் அடியில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவன் என் மருமகன் ஒருவன் அல்லன் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று?

ஒரு மாதம் கழித்துத் தள்ளுபடியில் அந்த ஏழு மதிப்பெண் கேமை நானே வாங்கிக் கொடுத்தேன். காலாண்டு விடுமுறை முழுவதும் அவன் அதைவிட்டு எழவில்லை. ஆடிய நேரம் அறுபது மணியைத் தாண்டியதை அவன் கணக்கே காட்டியது. எப்படிடா என்றேன். "செம மாமா." எத்தனை மார்க் போடுவே? கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னான்: "ஏழு."

முடிவை வேறொரு துறையிலும் சோதித்துப் பார்ப்பதே முறை என்பதால், அன்றிரவு அக்கா வைத்த வத்தக்குழம்புக்குப் பத்துக்கு ஏழு என்று அறிவித்தேன். அவள் தன் வாழ்நாளில் ஒரு கேம் மதிப்புரைகூடப் படித்ததில்லை. மெட்டாகிரிட்டிக்கின் பச்சை, மஞ்சள் எதுவும் தெரியாது. இருந்தும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுபது என்பது முதல் வகுப்பு என்று எடுத்துரைத்தேன். விகடனின் 62.5ஐயும் சுட்டிக்காட்டினேன். மருமகன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் எனக்கு மட்டும் மோர்சாதம்.