மூன்றாங்கரண்டி ரசம்: ஓர் ஆராய்ச்சி

தஞ்சைத் தரணியில் பிறந்து, கல்வியின் நிமித்தம் கடல் கடந்து, குளிர் மிகுந்த ஓர் ஊரில் மின்சார அடுப்பின் முன் கரண்டியும் கையுமாக நிற்க நேர்ந்த மாணவன் எவனாயினும், தன் அறைக்கு வந்த விருந்தாளியின் தட்டருகே மூன்றாம் முறையாக ரசத்தை நீட்டி, "போதும், வேண்டாம்" என்ற மறுமொழியைக் கேட்டு, இன்னதென்று சொல்லத் தெரியாத மனக்கிலேசத்துக்கு ஒருநாளாவது ஆளாகியிருப்பான். இந்தக் கிலேசத்தின் ஸ்வரூபம் யாது, இதன் மூலம் எங்கே, இதற்குப் பரிகாரம் உண்டா என்பவற்றை அறிஞர் உலகம் இதுகாறும் தீண்டாமல் விட்டுவைத்திருப்பது விந்தையே. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெறும் பொருட்டு லீட்ஸ் நகரில் வந்து தங்கியிருக்கும் அடியேன், சமர்ப்பிக்க வேண்டிய வேறொரு கட்டுரையைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு இதில் இறங்கியதற்குக் காரணம் அதுதான். என் பேராசிரியருக்கு இது தெரிய வேண்டிய அவசியமில்லை.

இத்துறைக்கு மூலபாடமாக விளங்குவது கேம்பிரிட்ஜில் முதல் உலகப் போர்க் காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம். 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் நெவாஸா என்னும் கப்பலில் ஏறிய கும்பகோணம் ஸ்ரீநிவாச ராமாநுஜன், டிரினிட்டி கல்லூரியில் தம் அறையிலேயே தம் கையாலேயே சமைத்துச் சாப்பிட்டு வந்தார் என்பதும், எரிவாயு அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருக்கும்போதே, நண்பர் மஹலனோபிஸ் பத்திரிகையிலிருந்து படித்துக் காட்டிய வீட்டு எண் புதிருக்குத் தொடர்பின்னம் ஒன்றால் விடை சொன்னார் என்பதும் உலகம் அறிந்தவை. உலகம் போதிய அளவு சிந்திக்காத விஷயம் வேறு. ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்ற இந்திய மாணவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்ததை முன்னிட்டு, அவரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் இராமாநுஜன் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார், குடித்தார்கள். மறுமுறை பரிமாறினார், அதையும் குடித்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோது அந்தப் பெண் மறுத்துவிட்டார். பேச்சு தொடர்ந்தது, சற்று நேரத்தில் விருந்து அளித்தவரையே காணோம். கீழே போய் விசாரித்தால், வாடகைக் கார் வரவழைத்துப் போய்விட்டார் என்று வாயிற்காவலர் சொல்கிறார். சில நாட்கள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, ஐந்து பவுன் அனுப்பும்படி சட்டர்ஜிக்கு ஒரு தந்தி வருகிறது!

இதற்குக் கூச்ச சுபாவம் என்றும், தொட்டால் சுருங்கும் மனம் என்றும் காரணம் கூறி அப்பால் நகர்ந்துவிடுவது எளிது. சொல்லாமல் கொள்ளாமல் மறைவது அவருக்குப் பழைய வழக்கமே என்று வாதிப்பாரும் உளர். 1905ஆம் ஆண்டு, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர்பெற்ற கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோன பின், விசாகப்பட்டினத்துக்கு ஓடியவர்தானே அவர்? ஒரு கேம்பிரிட்ஜிலிருந்து விசாகப்பட்டினத்துக்கும், மற்றொரு கேம்பிரிட்ஜிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ஓடியதில் ஓர் ஒழுங்கு இருப்பது போலத் தோன்றினாலும், முன்னதற்குக் காரணம் படிப்பு, பின்னதற்குக் காரணம் ரசம். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது தர்க்க சாஸ்திரத்துக்கு விரோதம். பூர்வபக்ஷம் இத்துடன் நிராகரிக்கப்படுகிறது.

சித்தாந்தத்துக்கு வருவதற்கு முன், சாரங்கபாணி சந்நிதித் தெருவிலுள்ள அந்தச் சிறிய வீட்டுக்குள் ஒருமுறை நுழைந்து பார்ப்பது நலம். இராமாநுஜனின் தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சிறிது சம்பாதித்து, கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு, அந்த வருமானத்தையும் சேர்த்துக் குடும்பம் நடத்தியவர். மகன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது அவன் சிந்தனை கலையாதிருக்க, சாதத்தைக் குழம்பும் ரசமும் தயிருமாக முறையே பிசைந்து, உருட்டி உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்துவிடுவார். இவ்வாறு வளர்ந்த பிள்ளைக்கு, கையில் வந்து விழுவதை "வேண்டாம்" என்று தடுக்கும் ஒரு வழக்கம் உலகத்தில் உண்டு என்பதே தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆராய்ச்சி என்றால் வகைப்பாடு வேண்டும். அதிர்ஷ்டவசமாக, இதற்கும் நம் ஜில்லாக்காரரே துணை நிற்கிறார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் நூலகக் கல்விக்காக லண்டன் சென்றிருந்த காலத்தில், செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டு, அதிலிருந்து உதித்த யோசனையை வளர்த்து 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டவர். இராமாநுஜனைப் பற்றி 1967இல் ஒரு நூலும் எழுதியவர். ஆள், பொருள், வினை, இடம், காலம் என்று அவர் வகுத்த ஐந்து கூறுகளில் ரசத்தை வைத்துப் பார்த்தால், ஆள் என்பது பரிமாறுகிறவர்; பொருள், புளியும் மிளகும் பருப்புத் தண்ணீரும்; வினை, ஊற்றுதல்; இடம், இலை; காலம், குழம்புக்குப் பின், மோருக்கு முன். சாப்பிடுகிறவருக்கு இதில் எங்கும் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது வகைப்பாட்டின் குறையன்று; என் அனுபவத்தில் உண்மை நிலவரமே அதுதான்.

பாத்திரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ரசம் ஈயச் சொம்பில்தான் வைக்க வேண்டும். ஈயம் என்று வாய் சொன்னாலும் அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். ஆகையால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுவது சம்பிரதாயம். நான் கொண்டுவந்த சொம்பை, உதவி செய்யும் உத்தமமான நோக்கத்துடன், லூதியானாவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் காலியாகவே அடுப்பில் வைத்துவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசப் போனார். திரும்பி வந்தபோது அடுப்பின் கண்ணாடி மேல் வெள்ளியாகப் பளபளத்தபடி ஒரு சிறு குளம் கிடந்தது. சொம்பின் கழுத்து மட்டும் அதில் சாய்ந்திருந்தது. அன்று முதல் இவ்வறையில் ரசம் எவர்சில்வரில் கொதிக்கிறது, அல்லது கொதிக்காமல் நுரைகட்டுகிறது. ரசத்தைக் கொதிக்கவிடுபவனை என் அப்பாயி மனிதனாகவே மதித்ததில்லை.

இனிக் கரண்டிகள். முதற்கரண்டி மேலாக மொண்டது. அதைத் தெளிவு என்போம். கண்ணாடி போலிருக்கும், வாசனை மட்டுமே அதன் மூலதனம். இரண்டாவதில் தக்காளித் தோலும் கொத்தமல்லியும் எட்டிப்பார்க்கும். மூன்றாவதற்குத்தான் பாத்திரத்தின் அடிவரை கரண்டியை விட்டுக் கலக்குவார்கள். பருப்பும் மிளகுப் பொடியும் பெருங்காயமும் திரண்ட அடிமண்டி அப்போதுதான் மேலே வரும். பந்தியில் உட்கார்ந்த பெரியவர்கள், "கலக்கி ஊத்தும்மா" என்று கேட்டு வாங்குவது இதைத்தான். ஆக, இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர் ரசத்தின் முன்னுரையைப் படித்துவிட்டு நூலை மூடியவர் ஆகிறார். ஆயினும் வருத்தத்துக்கு இது மட்டும் காரணமாக முடியாது. அடிமண்டி வீணாயிற்றே என்பதற்காக எவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கார் ஏறமாட்டார்.

இங்கேதான் அடியேனுடைய கடைமடைக் கொள்கை வருகிறது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள் என்று பத்திரிகைகள் படம் போடும். அந்தத் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளைவாய்க்கால்களில் புகுந்து, வழியிலுள்ள மதகுகளின் தயவையெல்லாம் பெற்று எங்களிடம் வந்து சேர்வதற்குள் குறுவை விதைக்கலாமா, சம்பாவுக்குக் காத்திருக்கலாமா என்று அப்பா பலமுறை மனம் மாறியிருப்பார். இரவில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தலைப்புக்குப் போய் நின்று பார்ப்பார். தலைமடையில் இருப்பவனுக்குத் திறந்துவிட்டதோடு கவலை தீர்ந்தது. கடைமடையில் இருப்பவனோ, வந்ததா, வரப்பு நனைந்ததா, கடைசி வயல் வரை ஏறிற்றா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அப்பா வாய்க்காலில் கேட்பதை அம்மா இலையின் முன்னால் கேட்கிறாள். முதற்கரண்டி வந்ததற்கு, இரண்டாவது நனைந்ததற்கு, மூன்றாவது ஏறியதற்கு.

கும்பகோணம் கடைமடை அன்றே என்ற ஆட்சேபம் எழும். எழட்டும். கும்பகோணம் அன்றுதான், கேம்பிரிட்ஜ் ஆம். நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய அந்த யுத்த காலத்துக் கடலில், ஊரிலிருந்து மளிகைச் சாமான் வந்து சேர வேண்டியிருந்த நாட்களில், கும்பகோணத்து ரசம் பாய்ந்து முடியும் கடைசி வயல் டிரினிட்டி கல்லூரியின் அந்த அறையே அல்லவா? அவ்வளவு தூரம் வந்து ஏறிய தண்ணீரை வரப்பருகில் வைத்து ஒருவர் மடையடைத்தால், வயலுக்கு உடையவன் எழுந்து போகாமல் என்ன செய்வான்?

கொள்கையைப் பரீட்சை செய்யும் பொருட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களை வரவழைத்தேன். லூதியானாக்காரர் மூன்றையும் தேநீர் போலக் குடித்துவிட்டு நான்காவதற்குக் கோப்பையை நீட்டினார்; சொம்பின் ஞாபகம் அவரைப் பணிவுள்ளவராக ஆக்கியிருக்கலாம் என்பதால் அவருடைய சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. லாகோஸிலிருந்து வந்திருக்கும் நண்பர், தம் ஊர் மிளகுச் சாறு இதைவிடக் காரம் என்று கூறி, அதை நிரூபிக்கும் முகமாகவே மூன்றாவதையும் வாங்கினார். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர்தான் இரண்டோடு கையை இலைக்குக் குறுக்கே வைத்து, "காணும் தம்பி" என்றார். இலை என்றது வழக்கம் பற்றி. உண்மையில் அது காகிதத் தட்டு. மனம் என்னமோ செய்தது. ஆக்ஸ்ஃபோர்டு தூரம், ஆகவே பால்கனி வரை போய்விட்டு வந்தேன்.

அன்றிரவு காணொளியில் அம்மா வழக்கம் போல அடுப்பங்கரையிலிருந்தே பேசினாள். யாழ்ப்பாணத்து நண்பர் கதையையும், அதற்கு முன்னுதாரணமாகக் கேம்பிரிட்ஜ் கதையையும் பிரமாண சகிதம் எடுத்துரைத்து, கடைமடைக் கொள்கையையும் சுருக்கமாக விளக்கினேன். அம்மா கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் சரிடா, தொட்டுக்க என்ன வெச்சே?"

"ஒண்ணும் வைக்கலைம்மா."

"வெறும் ரசத்தை மூணு தரம் ஊத்துனா எவன்டா வாங்குவான்? ரெண்டு அப்பளம் பொரிச்சு வெச்சிருந்தா அந்தப் பையன் நாலு தரம் வாங்கியிருப்பான். அவருந்தான், கல்யாணப் பொண்ணைக் கூப்பிட்டு உக்கார வெச்சு..." என்று ஆரம்பித்தவள், அடுப்பில் ரசம் நுரைகட்டிவிட்டது என்று சொல்லிக் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். வெகுநேரம் கூரை மட்டும் தெரிந்தது.