நோட்டை அழிச்சா அண்டா திரும்புமா?

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு, "மாமா, வெக்டரை கிளியர் பண்ணிட்டேன், மெமரி இறங்கவே மாட்டேங்குது, விடியறதுக்குள்ள சர்வர் படுத்துருது"ன்னு மூக்கால அழுதியே மருமகனே, தூக்கக் கலக்கத்துல "ஆகட்டும்"னு வச்சுட்டேன். இப்பக் கடையைத் திறந்து டீயும் குடிச்சாச்சு. கேட்டுக்கோ.

இருபது வருஷம் சி பிளஸ் பிளஸ் எழுதிட்டு, அப்பா விட்டுட்டுப் போன வாடகைப் பாத்திரக் கடைக்கே வந்து உக்காந்தவன் நான். ரெண்டும் ஒரே தொழில்தான்னு சொன்னா உங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

நீ நியூன்னு எழுதுறப்ப கடையில அண்டா எடுக்கிற. டெலிட்னு எழுதுறப்ப திருப்பிக் கொண்டாந்து போடுற. பாயிண்டரா அடுக்கி வச்சிருக்கியே ஒரு வெக்டர், அது அண்டா அடுக்கின ரூம் இல்லப்பா. எந்த அண்டா எந்த வீட்ல கிடக்குன்னு எழுதின நோட்டு. கிளியர்ங்கிறது அந்த நோட்டை ரப்பர் போட்டு அழிக்கிறது. நோட்டு சுத்தமாச்சு, சந்தோஷம். அண்டா? எவன் வீட்டுத் திண்ணையிலயோ கவுந்து கிடக்கு. அது இருக்கிற இடம் தெரிஞ்ச ஒரே சாட்சியையும் நீயே அழிச்சுட்ட, கெட்டிக்காரன்.

வெக்டரைத் திட்டாத. கிளியர் சொன்னதும் உள்ள இருக்கிற ஒவ்வொண்ணோட டிஸ்ட்ரக்டரையும் அது ஒழுங்காத்தான் கூப்பிடும். வெறும் பாயிண்டருக்கு ஏது டிஸ்ட்ரக்டர்? அது ஒரு விலாசம், அவ்வளவுதான். அந்த விலாசத்துல இருக்கிறது நீ நியூ போட்டு எடுத்ததா, இன்னொருத்தன்கிட்ட இரவல் வாங்கினதா, ஸ்டாக்குல கிடக்கிறதான்னு வெக்டருக்கு என்ன ஜோசியமா தெரியும்?

உன் கணக்கையே பாரு. ஒரு லட்சம் ஆர்டர்னு சொன்ன. 64 பிட் மெஷின்ல பாயிண்டர் ஒண்ணு 8 பைட், ஆக நோட்டு 8 லட்சம் பைட். ஆர்டர் ஒண்ணு 2,000 பைட்னு வச்சுக்கோ, அண்டாவெல்லாம் சேர்த்து 20 கோடி பைட். நீ கை வச்சது அந்த 8 லட்சத்துலதான். அதையாவது திருப்பிக் குடுத்தியான்னா அதுவும் இல்ல. கிளியர் போட்டா சைஸ் பூஜ்யமாகும், கெப்பாசிட்டி இருந்தபடியே இருக்கும். எழுத்துதான் அழிஞ்சுது, நோட்டு உன் மடியிலயே இருக்கு. ஷ்ரிங்க் டு ஃபிட்னு ஒண்ணு உண்டு, ஆனா அது மனு குடுக்கிற மாதிரி. ஏத்துக்கணும்னு லைப்ரரிக்குக் கட்டாயம் கிடையாது.

சரி, வைத்தியம். நோட்டை அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படி, ஒவ்வொண்ணுக்கும் டெலிட் போடு, அப்புறமா கிளியர் போடு. டெலிட் போட்டுட்டு கிளியரை மறந்தேன்னு வை, பழைய விலாசம் நோட்டுலயே நிக்கும். நாளைக்கு வேற ஃபங்ஷன் ஒண்ணு அதைப் பார்த்து மறுபடி டெலிட் போடும். அதுக்குள்ள நான் அந்த அண்டாவை வேற கல்யாணத்துக்கு அனுப்பியிருப்பேன். நீ போயி, கொதிச்சுக்கிட்டிருக்கிற சாம்பாரோட அடுப்புலருந்து இறக்கிட்டு வருவ. புரோகிராம் அன்னைக்கே விழுந்தா அது உன் அதிர்ஷ்டம். விழாம மூணு மாசம் கழிச்சு சம்பந்தமில்லாத இடத்துல விழும் பாரு, அதான் கொடுமை. நானே ஒரு தடவை ரெண்டு வாரம் தேடியிருக்கேன், அதுக்கு மேல கேக்காத.

இன்னொரு குழி, ரிமூவ். வேண்டாத பாயிண்டரை வடிகட்டுறேன்னு அதைப் போட்டா, வேண்டியதை முன்னால நகர்த்தி, வேண்டாதது மேலேயே எழுதிரும். எரேஸ் போடறதுக்கு முன்னாடியே விலாசம் போயே போச்சு. நடுவுல எக்ஸெப்ஷன் பறந்தாலும் இதே கதிதான், உன் டெலிட் வரிக்கு யாரும் வந்து சேரவே மாட்டாங்க. நம்பலைன்னா வால்கிரைண்ட்ல ஓட்டிப் பாரு. புரோகிராம் மாட்டு வண்டி வேகத்துல போகும், ஆனா தொலைஞ்ச அண்டாவை எந்த வரியில எடுத்தன்னு உன் சட்டையைப் பிடிச்சுச் சொல்லிரும்.

இவ்வளவு பாடு எதுக்கு? யூனிக் பாயிண்டரை அடுக்கு. அது விலாசம் எழுதின வரி இல்ல, சொந்தக்காரன். தான் போறப்ப அண்டாவையும் தூக்கிட்டுப் போயி கடையில போட்டுட்டுத்தான் போவான். அப்ப உன் கிளியருக்கு நீ நினைச்ச அர்த்தம் வந்துரும். எங்க காலத்துல ஆட்டோ பாயிண்டர்னு ஒருத்தன் இருந்தான். நகலெடுத்தா மூலம் காலியாயிரும், வெக்டருக்குள்ள வைக்கவே லாயக்கில்லாதவன். 2011-ல யூனிக் பாயிண்டர் வந்ததும் அவனை ஓரங்கட்டி, 2017-ல ஊரை விட்டே அனுப்பிட்டாங்க. ஷேர்டு பாயிண்டர்னு எண்ணி வச்சுக்கிற ஆளும் உண்டு, கடைசியா போறவன் அண்டாவைத் திருப்பணும்னு ஏற்பாடு. ரெண்டு பேர் ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு "நீ முதல்ல போ மச்சான்"னு நின்னா விடிய விடிய நிப்பாங்க. உனக்கு அது வேண்டாம்.

இன்னொண்ணு கேக்கணும்னு நினைச்சேன். அந்த ஆர்டரை எதுக்குடா பாயிண்டரா வச்ச? பேஸ் கிளாஸ், டெரைவ்டு கிளாஸ்னு வகைவகையா இருந்தா சரி, அப்பவும் பேஸ்ல டிஸ்ட்ரக்டருக்கு விர்ச்சுவல் போட்டியான்னு பாரு. எல்லாம் ஒரே ஜாடைன்னா ஆர்டரையே நேரா வெக்டருக்குள்ள வைக்க வேண்டியதுதானே? ஜாவால பழகின கை, எதைத் தொட்டாலும் நியூ போடுது.

ராத்திரிக்குள்ள மாத்திட்டு போன் பண்ணு. அப்படியே உங்கம்மாவைப் பரண் மேல எட்டிப் பார்க்கச் சொல்லு. உன் காதுகுத்துக்கு எடுத்துட்டுப் போன இட்லிக் கொப்பரை இன்னும் கடைக்கு வந்து சேரல. மக வீடுதானேன்னு உங்க தாத்தா நோட்டுல அந்த வரியை அன்னைக்கே அடிச்சுட்டாரு.