வழியும் பஃபரும் நிறுவாத திருத்தமும்: தஞ்சையிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தரவுத்தள சர்வர்களைப் பராமரிக்கும் அலுவலகங்களின் மேலதிகாரிகள்
பொருள்: பஃபர் வழிதல் – பாதுகாப்புத் திருத்தம் நிறுவக் கோருதல் – தொடர்பாக

ஐயா,

பஃபர் என்பது, வந்து சேரும் தகவலைத் தற்காலிகமாக வைக்க நினைவகத்தில் ஒதுக்கப்படும் அளவான இடம். அளவு பார்க்காமல் எழுதினால் மிஞ்சியது பக்கத்து இடத்தில் போய் விழும். கல்லணையில் மிகுதி வெள்ளத்தைத் தள்ளிவிடக் கொள்ளிடம் உண்டு. பஃபருக்கு அப்படி ஒன்று கிடையாது. ஸ்டாக் எனும் நினைவகப் பகுதியில் பஃபரையடுத்து, வேலை முடிந்து திரும்ப வேண்டிய முகவரி இருக்கிறது. அதை அழித்து வேறொன்றை எழுதிவிட்டால், சர்வர் அங்கே பணிவோடு போய் நிற்கும். இந்தக் கீழ்ப்படிதல் அரசுப் பணியிலும் அரிது.

மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் 2000இல் நடந்தது இதுதான். 1434ஆம் யூ.டி.பி. போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டின் முதல் பைட் 4 என்றால், அடுத்து வருவது ஒரு பெயர் என்று சர்வர் நம்பியது. நீளத்தைக் கேளாமலே ஸ்டாக்கில் எழுதியது. கடவுச்சொல்லும் கேட்கவில்லை. பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் லிட்ச்ஃபீல்ட் இந்த ஓட்டையைக் கண்டு சொல்ல, 2002 ஜூலை 24 அன்று திருத்தம் வந்தது.

ஆடியில் வந்த திருத்தம் பல இடங்களில் தை வரை நிறுவப்படவில்லை. அவசரம் ஆகாது என்ற கொள்கை பாராட்டுக்குரியது. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, இந்திய நேரம் காலை 11 மணியளவில் தன்னைத்தானே பரப்பிக்கொள்ளும் ஸ்லாமர் என்ற புழு அதே ஓட்டை வழியே கிளம்பியது. மொத்தமே 376 பைட், ஒரே பாக்கெட். பதிலுக்குக் காத்திருக்கும் வேலையில்லாததால், தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. ஓட்டையுள்ள கணினிகளில் 90 சதவீதம் பத்தே நிமிடத்தில் விழுந்தன. குறைந்தது 75,000 கணினிகள் சிக்கின. தென் கொரியாவில் இணையம் முடங்கியது, பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏ.டி.எம்.கள் கைவிரித்தன. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணினிகளே சில தப்பவில்லை என்பதால், அலுவலகங்கள் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை. காவிரி பொய்த்துக் குறுவை போன அந்த ஆண்டில் வழிந்தது சர்வர் மட்டுமே.

அணைத்துப் போடும் அலுவலக வைத்தியம் இங்கே உண்மையிலேயே பலித்தது. புழு நினைவகத்தில் மட்டுமே இருந்தது, வட்டில் இல்லை. ஆனால் திருத்தம் போடாத கணினியை இணையத்தில் மறுபடி இணைத்தால், சற்று நேரத்தில் மீண்டும் தொற்றியது.

வேறு மென்பொருள்களுக்குள் எம்.எஸ்.டி.இ. என்ற பெயரில் அதே சர்வர் குடியிருந்ததால், தம்மிடம் அது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. எனவே முதலில் எந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும்; பிறகு திருத்தம் நிறுவி, 1434ஐ வெளியாருக்கு மூட வேண்டும். பட்டியலுக்கென்று குழு அமைப்பதானால், அதன் முதல் கூட்டத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.