சேஃப்டி ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சேஃப்டி ஆபீசராக இருப்பவரை வெளியிலும் சுலபமாக அடையாளம் காணலாம். கல்யாணப் பந்தியில் பாயசம் கொண்டுவருகிறவரிடம் "தரை ஈரம், பார்த்து" என்று சொல்பவர் அவர்தான். அவருடைய கம்பெனி வாசல் பலகையில் 'விபத்தில்லா நாட்கள்' ஏறிக்கொண்டே போகும். வீட்டில் அப்படியொரு பலகை மாட்டினால் டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவிலேயே மூன்று தடவை அழிக்க வேண்டியிருக்கும். மூத்தவனுக்கு ஐந்து வயது, பாப்பாவுக்கு மூன்று.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் கட்டிலிலிருந்து குதித்து நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டான். இவர் ஐஸ்கட்டி தேடுவதற்குள் பொன்னேரி மாமியார் முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி ஒத்தடம் கொடுத்து, "எம் புள்ளைய இடிச்சியா?" என்று கட்டிலுக்கு நாலு போட்டு வழக்கை முடித்துவிட்டார். வாந்தி, மயக்கம் வருகிறதா என்று பார்ப்பது இவர் முறை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் வழக்கமாக மதியம் தூங்குகிற பையனைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுப்பி "அப்பா பேர் என்ன?" என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் தலை வலிக்காது?

அடுத்தது விசாரணை. டொயோட்டாக்காரர்கள் பழக்கிவிட்ட முறைப்படி ஐந்து 'ஏன்' கேட்டால் மூலகாரணம் வந்துவிடுமாம்.

"ஏன் விழுந்தே?"

"குதிச்சேன்."

"ஏன் குதிச்சே?"

"பாப்பா குதிச்சா."

"அவ ஏன் குதிச்சா?"

"நான் தள்ளினேன்."

"ஏன் தள்ளினே?"

"நீ ஏம்பா இத்தன ஏன் கேக்கற?"

ஐந்தாவது 'ஏன்' எதிர்த்தரப்புக்குப் போய்விட்டதால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

பாப்பாவின் காலில் பைக் சைலன்சர் சுட்ட அன்று மட்டும் அவர் ஆளே வேறு. பேஸ்ட்டோடு ஓடிவந்த மாமியாரைத் தடுத்து, குழாயடியில் உட்கார்ந்து, இருபது நிமிஷம் காலில் தண்ணீர் ஓடவிட்டார். "டேங்க் தண்ணி மொத்தமும் போவுது மாப்ள" என்ற முறையீடு எடுபடவில்லை. இதில் என் ஓட்டும் அவருக்கே. பேஸ்ட், மை, மாவு என்று பூசினால் சூடு தணியாது. டாக்டர் அதையெல்லாம் கழுவியெடுக்கும்போது பிள்ளை இன்னொரு தடவை அழ வேண்டும்.

மனைவி கேட்டது ஒரே ஒரு 'ஏன்'தான்: "கொதிக்கிற வண்டிய ஏன் வாசப்படி ஓரமா நிறுத்தினீங்க?" மூலகாரணம் அப்போதே வந்துவிட்டது. அறிக்கைதான் வரவில்லை.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966-இல் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கிய நாள். கம்பெனியில் உறுதிமொழி எடுத்த கையோடு வீட்டுக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அடிபடாமல் மயிரிழையில் தப்பினால் அது 'நியர் மிஸ்'. உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொன்னவருக்குத் திட்டு கிடையாது, சாக்லேட் உண்டு.

அன்று சாயங்காலமே பாப்பா சோபாவிலிருந்து தலையணைமேல் தொப்பென்று விழுந்தாள். பின்னாலேயே மூத்தவன் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அப்பா, நியர் மிஸ்! நான்தான் தள்ளினேன்."