எத்தனையாவது ‘வேண்டாம்’ உண்மையான வேண்டாம்?

பரிமாற்ற மாணவராக வெளிநாடு போகும் பிள்ளைகளும் அவர்களை வழியனுப்பும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு இம்முறை பதில்கள்.

கேள்வி: ஜேர்மனிக்கு ஆறு மாதம் படிக்கப் போகிறேன். விமானம் ஏறும் முன் கட்டாயம் பழக வேண்டியது எது?
– மாணவர், சித்தாண்டி

பதில்: ‘ஓம்’ சொல்லப் பழகுங்கள். நம்மூரில் ஒரு வீட்டுக்குப் போனால் “சாப்பிடுங்க” என்பார்கள். “வேணாம், இப்பதான் சாப்பிட்டன்” என்போம். அது மரியாதைக்குச் சொல்லும் வேண்டாம். இரண்டாம் தரமும் கேட்பார்கள், இரண்டாம் தரமும் மறுப்போம். மூன்றாம் தரம் கேட்கும் முன்பே கோப்பையில் சோறு விழுந்திருக்கும்.

ஜேர்மனியில் பெரும்பாலும் ஒரு தரம்தான் கேட்பார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் சட்டியை மூடிவிடுவார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிப் பசியோடு படுக்காதீர்கள். நம்மவர்கள் விருந்தாளியின் வயிற்றை நம்புகிறார்கள், அவர்கள் விருந்தாளியின் வாயை நம்புகிறார்கள். இரண்டும் மரியாதைதான்.

இன்னும் இரண்டு விசயம். ஞாயிற்றுக்கிழமை அங்கே அநேகமாக எல்லாக் கடையும் பூட்டு, ஆகவே அரிசியைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, ஆகவே சம்பலை அதற்கு முன்பே இடித்து முடியுங்கள்.

கேள்வி: சுவீடனில் படிக்கும் மகள் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். கேட்கவே நெஞ்சு பதறுது. நாங்கள் அப்படியா வளர்த்தோம்?
– தாய், சந்திவெளி

பதில்: பதறாதீர்கள் அம்மா. ஒரு காலத்தில் அவர்களும் பட்டம், பதவி சொல்லித்தான் அழைத்தார்கள். 1967இல் ப்ரூர் ரெக்செத் என்பவர் அந்நாட்டு மருத்துவ நிர்வாகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது, ஊழியர் எல்லோரையும் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்தப் பழக்கம் அந்த ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவியது. இன்று அங்கே ‘சேர்’ போட்டு அழைத்தால் அந்தப் பேராசிரியர்தான் பதறுவார்.

அங்கே மரியாதை வேறு இடத்தில் குடியிருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வருவது, வாசிக்கச் சொன்னதை வாசித்துவிட்டு வருவது, முன்கூட்டிக் கேட்டுவிட்டுச் சந்திக்கப் போவது. மகள் இவற்றைச் செய்கிறாளா என்று கேளுங்கள். செய்கிறாள் என்றால் உங்கள் வளர்ப்பு அங்கேயும் பாஸ்.

கேள்வி: வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. போதாததற்கு, என் கட்டுரையில் ‘இது யாருடைய கருத்து?’ என்று பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு.
– வந்தாறுமூலையிலிருந்து போன மாணவி

பதில்: இங்கே வாய் திறக்காமல் இருந்தால், கவனமாகக் கேட்கிற பிள்ளை என்பார்கள். அங்கே பாடம் புரியாத பிள்ளை என்று எண்ணிவிடுவார்கள். வகுப்புக்குப் போகும் முன் கொப்பியில் ஒரேயொரு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வாய் தானாகத் திறக்கும்.

கட்டுரை விசயத்தில் கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாடிக் காட்டுவதை அப்படியே திருப்பிப் பாடித்தான் வடமோடியும் தென்மோடியும் பழகினார்கள். அந்தப் படிப்புக்கு அதுதான் முறை. பல்கலைக்கழகக் கட்டுரை வேறு வகைக் களரி. அங்கே எந்த அடியை யாரிடம் எடுத்தீர்கள் என்று சபைக்குச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு உங்கள் சொந்த ஆட்டத்தையும் காட்ட வேண்டும். மேற்கோள் குறி என்பது அண்ணாவியாருக்குப் போடும் கும்பிடு என்று வைத்துக்கொள்ளுங்கள், கை தானாக எழுதும்.

கேள்வி: மகன் போய் மூன்று மாதம் சந்தோசமாக இருந்தான். இப்போது தொலைபேசியில் குரலே சரியில்லை. திரும்பி வரச் சொல்லட்டா?
– தந்தை, கிரான்

பதில்: அவசரப்படாதீர்கள். 1955இல் ஸ்வேரே லிஸ்கார்ட் என்ற நோர்வே ஆய்வாளர், ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்கா போய்வந்த 200 நோர்வேக்காரரைப் பற்றி எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும், பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக ஒத்துப்போயிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டவர்கள். முதலில் எல்லாம் புதினம், பிறகு எல்லாம் பாரம், அதற்குப் பிறகு எல்லாம் பழக்கம்.

நோர்வேயும் அமெரிக்காவும் உடையிலும் உணவிலும் எவ்வளவு நெருக்கம்! அவர்களுக்கே அந்தப் பள்ளம் இருந்தது என்றால், கிரானிலிருந்து போன பிள்ளைக்கு இருப்பது நோயுமல்ல, தோல்வியுமல்ல. “கஷ்டமெண்டா வா” என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். “இண்டைக்கு என்ன சமைச்சாய்? யாரோட சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பல வாரமாகப் பதிலே இல்லை என்றால் மட்டும், அங்குள்ள மாணவர் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கையால் சாப்பிடலாமா?
– மாணவர், மாவடிவேம்பு

பதில்: கழுவிய கையால், தாராளமாக. ஜப்பானில் நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சுவார்கள், எத்தியோப்பியாவில் எல்லோரும் ஒரே தட்டில் கையால் பிய்த்து உண்பார்கள். மற்றவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காதவரை உங்கள் தட்டுக்கும் மரியாதை கிடைக்கும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான், கலியாணம் கட்டி மாப்பிள்ளைதான் வந்து சேருவார் என்று சொன்னேன். கூடப் படிக்கும் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். சொல்லியிருக்கக் கூடாதோ?
– மாணவி, செங்கலடி

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள். தாய்வழிக் குடியும், ‘வயிற்றுவார்’ என்று தாயின் வயிற்றைக் கொண்டு எண்ணும் உறவும் மட்டக்களப்புத் தேசத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுச் சொத்து. இதைப் படிக்கவே டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் மாணவப் பருவத்தில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். பிறகும் பலமுறை வந்து, 2008இல் பெரிய புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் கலியாணம் கட்டிய பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்காதீர்கள். மகளுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தகப்பனும் அண்ணன்மாரும் முதுகு ஒடிய உழைக்கிறார்கள். வீடில்லாத பிள்ளைக்குக் கலியாணம் தள்ளிப்போகிறது. ஊரைப் பற்றி வெளியில் பேசும்போது பெருமையையும் வலியையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பவர் நம்புவார். நமக்கும் நம் ஊர் இன்னும் கொஞ்சம் விளங்கும்.

கேள்வி: வெளிநாடு போக எனக்கு வசதி இல்லை. இந்த அனுபவமெல்லாம் எனக்குக் கிடைக்காதா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: வெளிநாடு வந்தாறுமூலையிலேயே தொடங்குகிறது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த வளாகத்துக்குத் தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். தமிழ் தெரியாமல் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறும் சிங்களப் பிள்ளையும் ஒரு பரிமாற்ற மாணவர்தான். அவருக்கு மட்டும் அந்தப் பெயரை யாரும் கொடுக்கவில்லை. “பத் கேவத?” என்று கேட்டுப் பாருங்கள். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். நமக்கும் அவர்களுக்கும் முதல் விசாரிப்பு ஒன்றுதான்.

சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்கு அவரைக் கூட்டி வாருங்கள். முருகனை அவருக்கு ஏற்கெனவே தெரியும், ‘கதரகம தெய்யோ’வாக. நோன்பு காலத்தில் உங்கள் வீட்டுக் கஞ்சிக்கும் கூப்பிடுங்கள். இவ்வளவு இழப்பைக் கண்ட மண்ணில், வேறு பாசை பேசும் ஒருவரோடு ஒரே பாயில் இருந்து சாப்பிடுவது சின்ன விசயமல்ல. அதைப் பழகியவருக்கு மூனிச் நகரம் தூரமில்லை. பழகாதவர் மூனிச்சுக்குப் போனாலும் தன் அறையை விட்டு வெளியே வரமாட்டார்.

கேள்வி: ஒரு வருடம் முடித்து வந்துவிட்டேன். தேத்தண்ணி தந்த அம்மாவுக்கு ‘நன்றி’ சொன்னேன். “என்ன பிள்ள, பிறத்தியார் மாதிரி” என்று முகம் வாடிவிட்டார். இப்போது என் வீட்டிலேயே நான் அந்நியமா?
– மாணவி, சித்தாண்டி

பதில்: போகும்போது வரும் பள்ளம் திரும்பும்போதும் வரும். 1963இல் கல்லஹோர்ன் தம்பதியினர் இதை ஆராய்ந்து, அந்தப் பள்ளத்தை ஆங்கில டபிள்யூ எழுத்தின் வடிவத்தில் வரைந்து காட்டினார்கள். போகிற பிள்ளைக்கு எல்லோரும் புத்தி சொல்வார்கள். வருகிற பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் இந்தப் பள்ளம்தான் அதிகம் நோகும்.

நீங்கள் அந்நியமாகவில்லை. உங்களிடம் இப்போது இரண்டு வீட்டுச் சாவி இருக்கிறது, அவசரத்தில் ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். அங்கே நன்றி என்பது நெருக்கத்தைக் காட்டும் சொல். இங்கே அது தூரத்தைக் காட்டும். உங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்ல வழி இருக்கிறது. “மறுகா கொஞ்சம் ஊத்துங்க அம்மா” என்று கோப்பையை நீட்டுங்கள்.

இரவு அவர் சோறு போட வரும்போது, “வேணாம்மா, போதும்” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வருடமாக ஒரே தரம் கேட்டுவிட்டுச் சட்டியை மூடியவர்களோடு இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டாம் தரம் கேட்பார், மூன்றாம் தரமும் கேட்பார். அதற்குள் கோப்பை நிறைந்திருக்கும். அப்போது தெரியும், ஊர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று.